எலி வளையும் உண்ணிக் காய்ச்சலும்
களையெடுப்புக் காலத்தில் விவசாயக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து முடிந்ததும் பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் புஞ்சைகளில் பருத்தியும், மக்காச்சோளமும், உளுந்தும் பச்சை பிடித்து நிற்கும். பொழிகளில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும். காலையில் இறங்கினால் பொழுது சாயும் வரை களையெடுப்பு நடக்கும். அதே மாதங்களில்தான் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சல் என்று படுப்பதும் வழக்கமாக இருக்கிறது. மழையில் நனைந்ததால் வந்தது, சளிக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நாமும் இருந்து விடுகிறோம். பெரும்பாலும் அப்படியே சரியாகியும் விடுகிறது.

ஆனால் ஐந்து நாள், ஆறு நாள் ஆகியும் விடாத காய்ச்சல் ஒன்று உண்டு. கடையில் வாங்கிய மாத்திரைக்குக் காய்ச்சல் குறைவதுபோல் குறைந்து மறுபடியும் ஏறும். இரண்டு ஊசி போட்டும் கேட்காது. அதை உரிய நாளில் கண்டுபிடித்தால் விலை குறைந்த ஒரு மாத்திரையில் தீர்ந்துவிடும். கண்டுபிடிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகத் தாக்கி உயிருக்கே கேடு செய்யும். இதற்கு 'ஸ்கரப் டைபஸ்' என்று பெயர். தமிழில் 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார்கள். இந்தக் காய்ச்சலுக்கும் நம் பொழியில் உள்ள எலி வளைக்கும் சம்பந்தம் இருக்கிறது. அது என்ன சம்பந்தம் என்பதை இங்கே பார்ப்போம்.

நம் புஞ்சையில் உள்ள எலிகள்

எலி என்று பொதுவாகச் சொன்னாலும் நம் பக்கத்தில் அது ஒரே இனமல்ல. மானாவாரி நிலத்திலும் தரிசிலும் வளை தோண்டி வாழ்வது வெள்ளெலி. வயிறு வெளுத்திருக்கும். கண் பெரிது. வால் நுனியில் குஞ்சம் போல முடி இருக்கும். விரட்டினால் தாவித் தாவி ஓடும். கரிசல் வெடிப்புகளிலும் புல் அடர்ந்த இடத்திலும் ஒண்டிக்கொள்வது புல்லெலி. கிணற்றுப் பாசனம் உள்ள இடத்திலும், கண்மாய்க்குக் கீழே உள்ள நஞ்சை வரப்பிலும் இருப்பது கரம்பை எலி. வளை வாயில் மண்ணைக் குவித்து அடைத்து வைத்திருப்பதைக் கொண்டு இதை அடையாளம் காணலாம். கதிரை அறுத்து உள்ளே சேர்த்து வைப்பதும் இதுதான். இவை போக வயல் சுண்டெலி, வீட்டுக் கூரையில் திரியும் வீட்டெலி, சாக்கடையோரத்துப் பெருச்சாளி ஆகியனவும் உண்டு.

மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததல்ல. அது பூச்சிகளைத் தின்னும் வேறு சாதிப் பிராணி. ஆனாலும் இந்தக் காய்ச்சல் விஷயத்தில் அதையும் சேர்த்தே பேச வேண்டும். புதுச்சேரி, வேலூர்ப் பகுதிகளில் ஆராய்ச்சிக்காகப் பிடித்த மூஞ்சூறுகளின் உடம்பிலும் நோய் பரப்பும் சிறு பூச்சிகள் நிறையக் காணப்பட்டன. பிள்ளையாரின் வாகனம் என்று அதை நாம் அடிப்பதில்லை. அடிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் வீட்டுச் சுவரோரம் அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

எலி மேல் வாழும் பிராணிகள்

மாட்டின் மேல் உண்ணி இருப்பதுபோல, ஆட்டின் மேல் பேன் இருப்பதுபோல, எலியின் மேலும் பல சிறு பிராணிகள் வாழ்கின்றன. முக்கியமாக மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது தெள்ளுப்பூச்சி. இறக்கை கிடையாது, தாவிச் செல்லும். எலியின் இரத்தத்தைக் குடித்து, வளையில் உள்ள தூசியில் முட்டையிட்டுப் பெருகும். பிளேக் நோயையும், ஒருவகை டைபஸ் காய்ச்சலையும் பரப்புவது இது.

இரண்டாவது உண்ணி. இது எலி, நாய், ஆடு, மாடு எல்லாவற்றிலும் ஒட்டும். சிலவகை உண்ணிகள் உடம்பில் சிவப்புத் தடிப்போடு வரும் வேறொரு காய்ச்சலைத் தருகின்றன.

மூன்றாவது சிலந்திப்பேன். இதுதான் இந்தக் கட்டுரையின் நாயகன். மிளகாய்ச் செடியில் இலையைக் கீழ்நோக்கிச் சுருள வைக்கும் சிலந்திப்பேனை நம் பக்கத்து விவசாயிகள் நன்றாக அறிவார்கள். இலையைத் திருப்பிப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது, செடி சுருண்ட பிறகுதான் தெரியும். அதன் தூரத்துச் சொந்தம்தான் இதுவும். அது செடியின் சாற்றை உறிஞ்சுகிறது. இது பிராணிகளின் தோலில் ஒட்டுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே 'உண்ணிக் காய்ச்சல்' என்ற பெயரைக் கேட்டு, மாட்டு உண்ணியால் வருவது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தொழுவத்து மாட்டிலிருந்தோ ஆட்டிலிருந்தோ இந்த நோய் வருவதில்லை. "எங்கள் வீட்டில் மாடே இல்லை, எனக்கு எப்படி உண்ணிக் காய்ச்சல் வரும்?" என்று கேட்பதும் தவறு. காய்ச்சல் வந்தவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதும் இல்லை.

சிலந்திப்பேனின் வாழ்க்கை

இந்தச் சிலந்திப்பேனின் வாழ்க்கையைத் தெரிந்து கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும். தாய்ப்பேன் ஈரமான மண்ணில், புல்லின் அடியில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்கள். நிறம் சிவப்பு அல்லது வெளிர் மஞ்சள். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் ஒரு புள்ளி போலத்தான் தெரியும்.

குஞ்சுப் பருவத்தில் மட்டுமே இதற்குப் பிராணிகளின் உடம்பு தேவை. அதுவும் ஒரே ஒரு முறைதான். புல் நுனியிலும் சருகிலும் கூட்டமாகக் காத்திருந்து, அந்த வழியே போகும் எலி மேல் ஏறி, காது மடலில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நாட்கள் ஒட்டியிருந்து தோலைக் கரைத்து அந்த நீரை உறிஞ்சும். பிறகு கீழே விழுந்து மண்ணுக்குள் போய்விடும். அதன் பின் எட்டுக் கால்களோடு வளர்ந்து, மண்ணில் உள்ள பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழும். வளர்ந்த பேன் மனிதரையும் கடிக்காது, எலியையும் கடிக்காது.

காத்திருக்கும் குஞ்சுக்கு எலியும் ஒன்றுதான், களையெடுக்க உட்கார்ந்தவரும் ஒன்றுதான். யார் முதலில் புல்லைத் தொடுகிறார்களோ அவர்கள் மேல் ஏறும். உடம்பில் ஏறியதும் உடனே கடிப்பதில்லை. மெல்லிய தோலைத் தேடி, துணி இறுகும் இடம் வரை ஊர்ந்து போகும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு கட்டும் இடம், மார்பின் கீழ்ப்பகுதி, காதின் பின்புறம் ஆகியவையே இது ஒட்டும் இடங்கள். கடித்தால் வலிக்காது. அதனால்தான் எவருக்கும் கடிபட்டது நினைவிருப்பதில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம் உண்டு. நோய்க் கிருமி தாய்ப்பேனிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடுகிறது. அதாவது, நோயுள்ள எலியைக் கடித்துத்தான் பேனுக்குக் கிருமி வர வேண்டும் என்பதில்லை. பிறக்கும்போதே கிருமியோடு பிறக்கிறது. எலி செய்வது பெரும்பாலும் ஒரே காரியம்தான். பேன் குஞ்சுக்குச் சாப்பாடு போட்டு, அதை ஒரு பொழியிலிருந்து இன்னொரு பொழிக்குச் சுமந்து செல்கிறது. எலி பெருகினால் பேன் பெருகும். ஆனால் இன்று எலியைக் கொன்றுவிட்டால் நாளையே நோய் போய்விடாது. மண்ணில் பேன் இருந்துகொண்டே இருக்கும். எலி ஒழிப்பை எப்போது செய்வது என்பதற்கு இது அடிப்படை. அதைப் பின்னால் சொல்கிறோம்.

எங்கே அதிகம், யாருக்கு அதிகம்?

ஒரு காடெல்லாம் இந்தப் பேன் பரவி இருப்பதில்லை. சில இடங்களில் திட்டுத் திட்டாக இருக்கும். வேலை நடக்கும் நிலமும் புதரும் சேரும் விளிம்பில்தான் அதிகம். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட இடங்கள் எவை? புல் மண்டிய பொழி, சீமைக்கருவேல் அடர்ந்த ஓடைக்கரை, கண்மாய்க் கரையின் உள்வாய், உழாமல் விட்ட தரிசின் ஓரம், வீட்டுக் கொல்லையில் குவித்த விறகும் பருத்திமாரும், களத்தோரத்துத் தட்டைப் படப்பு. இவை எல்லாம் எலிக்கும் மூஞ்சூறுக்கும் பிடித்த இடங்கள்.

ஆகவே களையெடுப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள், கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள், புதரோரம் காலைக்கடனுக்கு ஒதுங்குகிறவர்கள் ஆகியோர் கவனமாக இருக்க வேண்டும். புல் தரையில் விளையாடும் சிறு பிள்ளைகளுக்கும் இது வரும்.

தென்னிந்தியாவில் இந்த நோய் குளிர்ந்த மாதங்களில் பரவுவதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2001 அக்டோபர் முதல் 2002 பிப்ரவரி வரை கண்டு எழுதினார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து நிலம் ஈரமாகி, புல் வளர்ந்து, பேன் பெருகும் காலம் அது. 2025 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இந்தக் காய்ச்சல் குறித்து மாவட்ட அதிகாரிகளை எச்சரித்து அறிவுறுத்தல் அனுப்பியது.

மலேயாவுக்குப் போன நம்மவர்கள்

இது புதிதாக முளைத்த வியாதி அல்ல. ஜப்பானில் ஆற்றங்கரைகளில் அறுவடை செய்த விவசாயிகளுக்கு வரும் நோயாக இது வெகு காலமாக அறியப்பட்டிருந்தது. 1920களில் மலேயாவில், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பிளெட்சர், லெஸ்லர், லூத்வெயிட் முதலிய மருத்துவர்கள் அங்கே கண்ட டைபஸ் காய்ச்சல்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, கடைத்தெருவில் வீட்டெலிகளோடு வாழ்கிறவர்களுக்குத் தெள்ளுப்பூச்சியால் வருவது. மற்றொன்று, தோட்டங்களில் புல்லும் புதரும் வெட்டுகிறவர்களுக்குச் சிலந்திப்பேனால் வருவது. நம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போய் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் புல் வெட்டியவர்களுக்கு இந்த இரண்டாவது காய்ச்சல் ஒரு பெரிய சாபமாக இருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் அஸ்ஸாம், பர்மாக் காடுகளில் சண்டையிட்ட சிப்பாய்களையும் இது படுக்கையில் தள்ளியது. அப்போது இதற்கு மருந்து கிடையாது. 1948ல் ஸ்மாடல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு கோலாலம்பூரில் குளோராம்பெனிக்கால் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கியது. அந்தச் சோதனையில் ஸ்கரப் டைபஸ் என்று எண்ணிச் சேர்த்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் குணமானார்கள். டைபாய்டுக்கும் அந்த மருந்து கேட்கும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. இந்த இரண்டு காய்ச்சல்களையும் பிரித்தறிவது பெரிய மருத்துவர்களுக்கே எவ்வளவு சிரமம் என்பதற்கு இது ஒரு சாட்சி.

அடையாளங்கள்

கடிபட்ட 6 நாள் முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். குளிர், கடுமையான தலைவலி, உடம்பு வலி, கண் சிவப்பு, வறட்டு இருமல், வயிற்றுப் பிரட்டல் ஆகியவை இருக்கலாம். இவை எல்லாம் டெங்கு, டைபாய்டு, மலேரியாவிலும் உண்டு. பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்றே ஒன்றுதான். பேன் கடித்த இடத்தில் பீடி நெருப்புச் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். சுற்றிலும் சிவந்திருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது.

இந்தப் பொருக்கு மறைவான இடத்தில் இருப்பதால் யாரும் காட்டுவதில்லை. குறிப்பாகப் பெண்கள் சொல்லக் கூச்சப்பட்டு இருந்து விடுகிறார்கள். வீட்டில் ஒருவருக்கு மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடிப்புறம், காதுக்குப் பின்னால், பிள்ளைகளானால் தலைமுடிக்குள்ளும், வீட்டிலுள்ளவர்களே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு மகளும், மருமகளுக்கு மாமியாரும் பார்க்கலாம். பொருக்கு இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஒரு சொல் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஆனால் பொருக்கு எல்லோருக்கும் இருப்பதில்லை. இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. "நான் புஞ்சையில் களையெடுக்கிறவள், பத்து நாளைக்கு முன் கருவேல் வெட்டினேன்" என்று வேலையைச் சொன்னாலே டாக்டருக்கு ஒரு துப்புக் கிடைக்கும். இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்து கொள்ளலாம். பலத்த சந்தேகம் இருந்தால் பரிசோதனை முடிவு வரும் வரை காத்திராமல் மருந்தைத் தொடங்குவது மருத்துவர்களின் வழக்கம்.

மருந்து

டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை இதற்கு நல்ல மருந்து. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். சரியான மருந்து உள்ளே போனால் பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்கியதும் மாத்திரையை நிறுத்தி விடாமல், டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். பென்சிலின் வகை மருந்துகளுக்கு இந்தக் கிருமி கட்டுப்படாது. காரணம், இது நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. "ஊசி போட்டும் கேட்கவில்லை" என்பதற்கு விளக்கம் இதுதான். ஆகவே பெட்டிக்கடை மாத்திரையும், எந்த மருந்து என்று தெரியாத ஊசியும் நாளைக் கடத்துவதற்குத்தான் உதவும்.

மூச்சு வாங்குவது, நினைவு தடுமாறுவது, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 108 வண்டியை அழைத்து, அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு போக வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே ஏற்றுவது, ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் மருத்துவர்கள் தலைமையில் இந்திய மருத்துவமனைகள் பல சேர்ந்து நடத்திய ஆய்வு 2023ல் வெளியாயிற்று. இந்த நோய்க்குத் தடுப்பூசி இன்னும் கிடையாது. எனவே கடிபடாமல் இருப்பதும், விரைவில் கண்டுபிடிப்பதும் மட்டுமே வழி.

தெள்ளுப்பூச்சியும் பிளேக்கும்

எலியைப் பற்றிப் பேசும்போது பிளேக் நோயை விட்டுவிட முடியாது. 1896ல் பம்பாயில் தொடங்கி இந்தியா முழுவதும் இலட்சக்கணக்கானவர்களைக் கொன்ற நோய் அது. எலியிடமிருந்து மனிதருக்கு அதைக் கொண்டு வருவது தெள்ளுப்பூச்சி என்பதை 1898ல் சைமண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தியாவில்தான் கண்டறிந்தார். கிருமி தெள்ளுப்பூச்சியின் தொண்டையை அடைத்து விடுகிறது. குடித்த இரத்தம் உள்ளே இறங்காது. பசி தாங்காத பூச்சி மீண்டும் மீண்டும் கடித்து, கிருமியைக் கடிவாயில் கக்குகிறது. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அதை விட்டு இறங்கி, சூடுள்ள வேறு உடம்பைத் தேடுகிறது.

நமக்கு அண்டையிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கில், அன்றைய மதுரை ஜில்லாவில், பிளேக் தங்கியிருந்ததால் ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் அங்கே ஆராய்ச்சி நடத்தி 1934ல் அறிக்கை வெளியிட்டார்கள். ஆனால் சென்னை, கொழும்பு போன்ற வெப்பமான சமவெளிகளில் பிளேக் பம்பாயைப்போல் பரவவில்லை. ஏன்? இங்கே எலி மேல் அதிகம் இருந்தது வேறு சாதித் தெள்ளுப்பூச்சி, அது பிளேக்கைப் பரப்புவதில் மட்டமானது என்று கொழும்பு நகரில் ஆய்வு செய்த ஹெர்ஸ்ட் என்ற மருத்துவர் விளக்கினார். கொழும்பிலும் வெளியூர்த் தானிய மூட்டைகள் வந்திறங்கும் பகுதியில்தான் கெட்ட சாதிப் பூச்சி இருந்தது. தானிய மூட்டையோடு எலியும், எலியோடு பூச்சியும் பயணம் செய்யும் என்பது இதிலுள்ள பாடம்.

1993 செப்டம்பரில் மராட்டியத்தில் லாத்தூர் பூகம்பம் நடந்தது. மக்கள் இடிந்த வீடுகளில் தானியத்தை விட்டு வெளியேறினார்கள். கேட்பாரற்ற தானியத்தில் எலி பெருகியது. மறு வருஷம், 1994ல், பக்கத்து பீட் மாவட்டத்தில் பிளேக் தோன்றியது. வெள்ளெலி முதலிய காட்டு எலிகளிடையே இந்தக் கிருமி சத்தமின்றித் தங்கியிருக்கக் கூடியது என்பதால், தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சேரும் எல்லைப் பகுதியில் அரசு தொடர்ந்து எலிகளைப் பிடித்துச் சோதித்து வந்திருக்கிறது.

இன்று நாம் பயப்பட வேண்டிய நிலை இல்லை. ஆனால் ஒரு விதியை மறக்கக் கூடாது. மருந்து வைக்காமலே வீட்டிலோ கிட்டங்கியிலோ எலிகள் பொத்துப் பொத்தென்று விழுந்து சாகுமானால், அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது. சுகாதார ஆய்வாளரிடம் அன்றே தெரிவிக்க வேண்டும்.

எலிக்காய்ச்சல் வேறு

எலிக்காய்ச்சல் என்று சொல்லப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயையும் உண்ணிக் காய்ச்சலையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். எலிக்காய்ச்சல் பூச்சிக் கடியால் வருவதல்ல. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும், கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியே உடம்பில் இறங்குவதால் வருவது. கெண்டைக்கால் வலி அதிகமிருக்கும், கண் சிவக்கும், மஞ்சள் காமாலை வரலாம். காலில் புண் உள்ளவர்கள் தேங்கிய நீரிலும் சேற்றிலும் இறங்காமல் இருப்பது இதற்குத் தற்காப்பு. இதற்கும் உரிய மருந்து உண்டு.

எலி ஒழிப்பு எப்போது?

களைக் காலத்தில் வளை தோண்டுவதுதான் நம் வழக்கம். எலி கண்ணில் படுவது அப்போதுதானே. ஆனால் பேன் நிறைந்த ஈரப் புல்லில் முழங்காலிட்டு, வெறுங்கையை வளைக்குள் விட்டுத் தோண்டுவது, கடிபட வலியப் போய் நிற்பதற்குச் சமம். அந்தச் சமயத்தில் எலியை மட்டும் கொன்றால், பசியோடு காத்திருக்கும் பேன் குஞ்சுக்கு அடுத்து வரும் உடம்பு நம்முடையதாக இருக்கும்.

ஆகவே கோடையே சரியான காலம். சித்திரை, வைகாசியில் நிலம் காய்ந்து, புல் கருகி, பேன் குறைந்திருக்கும். எலிக்கும் அப்போது தீனி குறைவு, குட்டி போடுவதும் குறைவு, வைத்த இரையை எடுக்கும். வளைகளும் கண்ணுக்குத் தெரியும். செய்ய வேண்டியவை:

1. பொழியில் உள்ள புல்லையும் முள்ளையும் வெட்டி அகற்றி, அகலமான பொழிகளைக் குறுக்கிச் சிறிதாக்க வேண்டும். பெரிய பொழி எலிக்குக் கட்டிக் கொடுத்த வீடு.

2. கோடை உழவு ஆழமாகச் செய்தால் மேலாக உள்ள வளைகள் கலையும்.

3. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட்டு, மறுநாள் காலையில் திறந்திருப்பவற்றை மட்டும் எண்ண வேண்டும். அவையே உயிர் வளைகள். மருந்து அங்கே வைத்தால் போதும், செலவு மிச்சம்.

4. புரோமடியோலோன் 0.005 சதவிகிதக் கட்டி உயிர் வளைக்குள் வைக்கலாம். எலி சில நாள் கழித்துச் சாவதால் மற்ற எலிகள் சந்தேகப்படுவதில்லை. துத்தநாக பாஸ்பைடு வைப்பதானால் முதலில் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத இரை வைத்துப் பழக்க வேண்டும். இதற்கு முறிமருந்து கிடையாது. குழந்தைகள், கோழி, நாய் எட்டாதபடி கவனம் தேவை. எந்த மருந்தானாலும் வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்குக. கோவிலாங்குளம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் ஆலோசனை பெறலாம்.

5. ஆந்தை உட்கார டி வடிவக் கம்பு நட்டு வைப்பதும், தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதும் செலவில்லாத வழிகள். ஆந்தையை அபசகுனம் என்று விரட்டக் கூடாது.

6. ஒருவர் மட்டும் செய்தால் பலன் நிற்காது. பக்கத்துப் புஞ்சை எலி பத்து நாளில் காலி வளைக்குக் குடிவந்துவிடும். ஊர் கூடி ஒரே வாரத்தில் செய்ய வேண்டும்.

செத்த எலியைக் கையால் தொடாமல், கம்பாலோ இடுக்கியாலோ எடுத்து, ஆழமான குழியில் புதைக்க வேண்டும். வெள்ளெலி பிடித்துச் சமைக்கும் வழக்கமுள்ளவர்கள், பிடித்த உயிருள்ள எலியை மடியிலோ தோளிலோ போட்டு வரக் கூடாது. சாக்கில் கட்டி எடுத்து வந்து, முடியைப் பொசுக்கிய பிறகே கையால் தொடுவது நல்லது. மருந்து வைத்த காட்டில் பிடித்த எலியை உண்ணவே கூடாது.

களையெடுக்கும் நாளில்

சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு களையெடுக்கும் வழக்கம் நம் பெண்களிடம் உண்டு. வெயிலுக்கும் சுணைக்கும் போட்ட அந்தச் சட்டை பேனுக்கும் நல்ல காப்பு. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிப் புல்லில் நிற்பதைவிடக் கால்சட்டை அணிவது மேல்.

மதியக் கஞ்சி குடிக்கப் பொழிப் புல்லில் உட்காராமல், சாக்கை விரித்து உட்கார வேண்டும். களைத்துப்போய்ப் புல்லில் படுத்துறங்கக் கூடாது. கைக்குழந்தையைப் புல் மேல் துணி விரித்துப் போடாமல், மரக்கிளையில் தொட்டில் கட்டி ஆட்டுவது நம் பழைய முறை. அதுவே நல்ல முறை. கழற்றிய துணியைப் புதர் மேல் போடக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை குளியல். பேன் குஞ்சு உடம்பில் ஏறிச் சில மணி நேரம் ஊர்ந்த பிறகே ஒட்டுவதால், சோப்புப் போட்டு, துண்டால் நன்றாகத் தேய்த்துக் குளித்தால் போய்விடும். அன்று உடுத்திய துணியை மறுநாளும் உடுத்தாமல் வெந்நீரில் அலசி, கொடியில் வெயிலில் காய வைக்க வேண்டும்.

வீட்டைச் சுற்றி நாலு புறமும் புல் இல்லாமல் செதுக்கி வைக்க வேண்டும். விறகு, பருத்திமார், தட்டைப் படப்பு ஆகியவற்றைச் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி, கல் பரப்பி அதன் மேல் அடுக்கினால் அடியில் எலி தங்காது. தானியக் குலுக்கையின் வாயையும் மூட்டை அடுக்கும் இடத்தையும் எலி புகாதபடி அடைக்க வேண்டும்.

முடிவாக

பருத்தியில் காய்ப்புழு விழுந்தால் மறுநாளே மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். மாடு இரை எடுக்காவிட்டால் அன்று இராத்திரியே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுகிறோம். களையெடுத்த அம்மாவுக்கு ஐந்து நாள் காய்ச்சல் என்றால் மட்டும் "வேலை முடியட்டும், அறுப்பு முடியட்டும்" என்று தள்ளிப் போடுகிறோம். இந்தக் காய்ச்சல் அந்த ஒரு வாரத்தில்தான் முற்றுகிறது. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் உடம்பில் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், செய்த வேலையைச் சொல்லிக் கேளுங்கள். வருகிற சித்திரையில் ஊர் கூடிப் பொழிகளைச் செதுக்குங்கள். விளைச்சலும் மிஞ்சும், வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பார்கள்.